ஏழாம் தாள்

பன்னிரண்டு தாள்கள் சேர்ந்தால் ஒரு மனிதன்.
ரீகாவில் பிப்ரவரியில் பசை உறைந்துவிடும்;
வாளியில் ஒரு கை உப்பும் கொஞ்சம் சாராயமும் கலப்பேன்.
மீதிச் சாராயம் எங்கே போகிறதென்று
மேலாளர் கேட்பதில்லை.

முதல் தாளில் டிராம் நிறுத்தத்தின் கூரை.
மூன்றில் பெஞ்சின் கால்.
ஏழில்தான் முகம் வந்தது:
செய்தித்தாள் போர்த்தித் தூங்கும் கிழவர்,
இமையில் பனித்துகள்,
ஒரு கண் முழுதாய் மூடாமல்.
பக்கத்தில், உள்ளே ஆளில்லாமல் தானே நிமிர்ந்து நிற்கிறது
நோர்டா கோட்டு.
கடைசித் தாளில் வாசகம்:
'குளிர் ஆள் பார்த்துத்தான் கடிக்கும்.'
கீழே விலை.

இறங்கி ஏணியை மடக்கும்போது
நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.
சுருக்கம் ஒன்றுகூட இல்லை.
என் வேலையில் அதற்குப் பெயர்தான் அழகு.

மறுநாள் ஊர் இரண்டுபட்டது.
வானொலியில் ஒரு பாதிரியார் அழுதார்.
உண்மையைச் சொன்னால் சுடத்தான் செய்யும் என்றார்
கணப்பு அறையிலிருந்து ஒரு பேராசிரியர்.
யாரோ எறிந்த முட்டை
கிழவரின் தாடியில் வழிந்து அங்கேயே உறைய
படம் இன்னும் நிஜமாகிவிட்டது.
இரவு விடுதிச் செவிலி ஸ்கைத்ரீதே
வாளி நிறையச் சிவப்புச் சாயம் கொண்டுவந்து
கோட்டின் மார்பில் வீசினாள்.
அவள் போட்டிருந்ததும் நோர்டாதான், போன வருஷத்தது;
முத்திரைமேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தாள்.
"வேறு கோட்டு இல்லை" என்றாள்,
நான் கேட்காமலே.

அவளது சூப் வண்டிக்கு வரிசையில் நின்றவர்கள்
அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.
"பூட்ஸைக் கழற்றி பெஞ்சுக்கடியில் வைத்திருக்கிறான் பார்,
ஹோட்டல் என்று நினைப்பு.
விடியும்போது இருக்குமா அது?"
அதற்கு மேல் அவர்களிடம்
யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது: கிழி.
இரவில். நடமாட்டம் அடங்கியபின்.

ஏணியடியில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.
விஸ்வால்திஸ். வயது அறுபத்திரண்டு.
முப்பத்தைந்து வருஷ நாடக மேடையில்
இரண்டாம் காவலாளி, கடிதம் கொண்டுவருபவன்,
கடைசிக் காட்சியில் பிணம்.
"தம்பி, அந்த முகம் என்னுது.
கிழியாமல் கிடைக்குமா?"

இமைமேல் இருந்தது பனியில்லை, சீனியாம்.
கூலியில் பல் கட்டிக்கொண்டாராம்.
இப்போது ரொட்டிக்கடைக்காரி அவருக்கு விற்க மறுக்கிறாள்;
எதிர்வீட்டுக்காரர் வாசலில்
பழைய போர்வையொன்றை வைத்துவிட்டுப் போகிறார்.
இரண்டில் எது அதிகம் வலிக்கிறதென்று
அவரால் சொல்ல முடியவில்லை.
ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றவன்
கூத்தாடியைக் கேட்டிருக்க மாட்டான்.

ஏழாம் தாளின் ஓரத்தில் கத்தியை நுழைத்தேன்.
பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றி, ஊதி,
விரல் விரலாய் உரித்தேன்.
அடித்தாள்களும் சேர்ந்தே வந்தன:
போன கோடையில் கன்னியாஸ்திரீ நக்கிய ஐஸ்கிரீம்,
அதற்கும் கீழே சவப்பெட்டி விற்கச் சிரித்த மணப்பெண்,
அதற்கும் கீழே எதற்குக் கத்தினோமென்றே
மறந்துபோன ஏதோ ஒன்று.
நாலு விரல் தடிமன்
எங்கள் ஊர்க் கோபம்.

முகம் இரண்டு மீட்டர் அகலம்.
டிராம் கதவுக்குள் போகாது.
இருவரும் கொஞ்ச நேரம் நின்று யோசித்தோம்.
"கண் போதும்" என்றார். "மூடாத அந்த ஒன்று.
மற்றதெல்லாம் நடிப்பு.
அந்த நேரத்தில் மட்டும்
நிஜமாகவே தூங்கிப்போனேன்."
வெட்டிக் கொடுத்தேன்.
சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு
கடைசி டிராமில் ஏறினார்.

விடியுமுன் புதுத் தாள்கள். எல்லாம் வெள்ளை.
அதே எழுத்து, அதே உயரம்:
'வருந்துகிறோம்.'
கீழே பொடியாய், முப்பது சதவீதத் தள்ளுபடி.
வெள்ளிக்கிழமைக்குள் கோட்டு தீர்ந்துபோனதாம்.

இதையும் சுருக்கமில்லாமல்தான் ஒட்டினேன்,
ஏழாம் தாளைத் தவிர.
அங்கே அடியில் ஒரு கண் அளவுக்குப் பள்ளம்;
காற்று வந்தால்
நடுவிலுள்ள 'து' மட்டும்
உள்வாங்கி, உப்பி, உள்வாங்குகிறது.

மேலாளர் பார்த்தார்.
"இறங்கி வா" என்றார்,
"யார் கவனிக்கப் போகிறார்கள்."